குழந்தையின் ஜீவனாம்சம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஒரு குழந்தையின் தகப்பனார் வேலை பார்க்கிறார்; பிரிந்து வாழும் தாயார் திருவள்ளூரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை தாயாரிடம் வளர்கிறது. அதற்கு ஜீவனாம்சம் எவ்வளவு?

சம்பளத்தில் இத்தனை பங்கு என்று நமது சட்டத்தில் நிர்ணயமான சூத்திரம் இல்லை. ஆகவே, ஆளுக்கொரு கணக்குச் சொல்லி வழக்குகள் நீள்வதைக் கண்ட உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு யாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் ஒளிவுமறைவின்றித் தெரிவிக்க வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டில் விதித்தது. போனஸையும் ஓவர்டைம் பணத்தையும் மறைக்கலாகாது. குழந்தையின் உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம், படிப்பு ஆகிய தேவைகளும் பெற்றோரின் சக்தியும் சேர்த்தே சீர்தூக்கப்படுகின்றன. படிப்புச் செலவு சாதாரணமாகத் தகப்பனாருடையது. தாயாரும் போதிய அளவு சம்பாதித்தால், வருமானத்துக்குத் தக்கபடி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

மீண்டும் சொல்கிறேன்: சூத்திரம் இல்லை, தேவையும் சக்தியுமே அளவு. தொகையோ, தீர்ப்பான நாளிலிருந்தல்ல, மனுச்செய்த நாளிலிருந்தே சேரும்.

ஆகவே நேயர்களே, சம்பளச் சீட்டையும் பள்ளிக்கூட ரசீதையும் மருந்துக்கடைப் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். கேட்பவர் தாயாரானாலும், உரிமை குழந்தையுடையது.