சாட்சி சம்மன் வந்தால் பயப்படாதீங்க, படிச்சுப் பாருங்க

சம்பா அறுப்பு நேரத்தில் கோர்ட் ஆள் ஒருவர் தேடி வந்தால், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் தெருவே கூடிவிடும். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று வாங்க மறுப்பவர்களும் உண்டு. மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதையே சேர்ந்ததாகக் கோர்ட் அறிவிக்கலாம். அதனால் வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள்.

சாட்சி சம்மன் என்றால் உங்கள் மேல் வழக்கு என்று அர்த்தமில்லை. பக்கத்து வயல்காரரின் பாகப்பிரிவினையோ வரப்புத் தகராறோ, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். எந்தக் கோர்ட், வழக்கு எண், தேதி பாருங்கள். நேரில் வரச் சொல்கிறதா, குத்தகை ரசீது மாதிரி ஆவணத்தை மட்டும் கேட்கிறதா என்றும் பாருங்கள். ஆவணம் மட்டும் என்றால் இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினாலே போதும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. போக்குவரத்துச் செலவும் படியும் உங்களை அழைத்த கட்சிக்காரர் கோர்ட்டில் கட்ட வேண்டியவை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்றைக்குத்தான் அறுப்பு மெஷின் வருகிறதா? தேதிக்கு முன்பே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் நீதிபதி விருப்பம். ஆனால் சொல்லாமல் இருந்துவிட்டால் வாரண்ட் வரலாம், 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

போலீஸ் விசாரணைக்குச் சாட்சியாக அழைப்பது வேறு. பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

புரியவில்லையா? 15100க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி எண் அது. சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.