சிறிய குளிர்ப்பெட்டியும் அதற்கு வேண்டிய காற்றும்



வீட்டுக்கு ஒரு சிறிய குளிர்ப்பெட்டி வாங்குவதைப் பற்றி இன்று பேசலாம். ஓட்டல் அறைகளில் இடுப்பளவு உயரத்தில் வைத்திருப்பார்களே, கடைக்காரர்கள் 'மினி பார்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெட்டிதான். நம் வீடுகளில் சின்ன ஐஸ்பெட்டி என்போம்.

ஒரு காலத்தில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் போட்டு, மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம் கொடுத்தார்கள். அந்த நிலையில் ஐஸ்பெட்டி வாங்கி என்ன பயன்? இன்று செபராங் ஜெயா, பிறை, பட்டர்வொர்த் பக்கம் அடுக்குமாடிகளுக்குக் குடிவந்துவிட்ட தோட்டத்துக் குடும்பங்களுக்கு இரவும் பகலும் மின்சாரம் இருக்கிறது, இடம்தான் இல்லை. லயத்து வீட்டில் பின்கட்டுச் சமையலறைக்குக் காற்று தானாக வந்து போகும். அடுக்குமாடியிலோ அடுப்பு, தொட்டி, அலமாரி போக மிஞ்சுவது ஒரு மூலை. அந்த மூலையில் எது நுழையுமோ அதை வாங்கிவிடுகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஐஸ்பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது செய்யும் வேலை வேறு. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. அதே பானையைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து மூடினால் தண்ணீர் குளிராது. ஐஸ்பெட்டிக்குள்ளும் குழாய்களில் ஒரு திரவம் ஆவியாகிச் சூட்டை வாங்கிக் கொள்கிறது. கம்பிரசர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்புறக் குழாய்களுக்குத் தள்ளுகிறது. அங்கே சூடு காற்றில் கலக்க வேண்டும். கலக்கக் காற்று இல்லாவிட்டால்?

மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பைப் பார்த்திருப்பீர்கள். மேடு உயர உயரப் பம்ப்புக்கு வேலை கூடும். பெட்டியின் உள்ளே 4 டிகிரி, வெளியே நம் ஊர்ப் பகல் வெயிலில் 32 டிகிரி என்றால், இதுவே ஓர் ஏற்றம்தான். பெட்டியைச் சுவரோடு சுவராக ஒட்டி, இரு பக்கமும் அலமாரியால் நெருக்கிவிட்டால், அது கொட்டிய சூடு அங்கேயே தேங்கி, பெட்டியைச் சுற்றி 40 டிகிரிக்கும் மேலே போய்விடும். மேடு இன்னும் உயர்ந்துவிட்டது. கம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், மின்சாரக் கட்டணம் ஏறும், பத்து ஆண்டு உழைக்க வேண்டிய பெட்டி அதற்கு முன்பே படுத்துவிடும். இவ்வளவும் நடந்தும் பால் திரிந்துதான் போகும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து இடத்தை அளந்து விடுங்கள். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது பெட்டியோடு வரும் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். கடையிலேயே அதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. பொதுவாகப் பக்கங்களில் 5 சென்டிமீட்டர், பின்னாலும் மேலேயும் 10 சென்டிமீட்டர் விட்டால் நல்லது. கணக்கு இப்படி வரும். தொட்டி மேடைக்கும் சுவருக்கும் நடுவே 55 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். கடையில் பார்த்த பெட்டியின் அகலம் 48. நுழைந்துவிடும் என்று மகிழ்ந்து போகிறோம். இரு பக்கமும் 5 விட்டால் 58 வேண்டுமே. 3 சென்டிமீட்டர் போதவில்லை. 44 அகலமுள்ள பெட்டி என்றால் 54-இல் முடிந்துவிடும். சற்றுச் சிறியதாயினும் அந்த வீட்டுக்கு அதுதான் ஏற்ற பெட்டி.

ஆழத்தை அளக்கும்போது பின்னால் நீட்டிக் கொண்டிருக்கும் பிளக்கையும் முன்னால் கைப்பிடியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பாருங்கள். சுவரில் இடித்துப் பாதி திறக்கும் கதவானால் உள்ளே இருக்கும் தட்டை வெளியே இழுக்க முடியாது.

இப்போது வரும் பல பெட்டிகளில் பின்புறம் கறுப்புக் கம்பிச் சட்டம் தெரிவதில்லை. சூட்டை வெளியேற்றும் குழாய்களைப் பக்கத் தகட்டுக்குள்ளேயே பதித்து விடுகிறார்கள். பக்கத்தைத் தொட்டால் சுடும். பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்து பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டாம். அது சுடத்தான் வேண்டும். பக்கவாட்டில் அரிசி மூட்டையையோ எண்ணெய் டின்னையோ சாய்த்து வைப்பதுதான் கூடாது. பெட்டிக்கு மேல் அழகான பூப்போட்ட துணியை விரித்து, அதைப் பின்பக்கமும் பக்கங்களிலும் தொங்க விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும், பிற்பகல் வெயில் விழும் சன்னலோரத்திலும் பெட்டிக்கு இடமில்லை.

அலமாரிக்குள்ளேயே வைக்க வேண்டுமென்றால், அதற்கென்றே முன்புறம், கீழ்ப்பகுதியில் காற்றுத் துவாரம் வைத்துச் செய்த பெட்டிகள் இருக்கின்றன. விலை கூடுதல். மற்றப் பெட்டிகளை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினால், மூடிய பெட்டிக்குள் மண்பானை வைத்த கதைதான்.

கம்பிரசரே இல்லாமல், மிகச் சிறியதாகவும் மலிவாகவும் சத்தமில்லாமலும் ஒரு வகைப் பெட்டி விற்கிறார்கள். இதில் எச்சரிக்கை தேவை. இந்த வகை அறையின் வெப்பத்தைவிட 15, 20 டிகிரி அளவுக்குத்தான் குறைக்கும். 32 டிகிரிச் சமையலறையில் உள்ளே 12-க்கும் 17-க்கும் இடையில் நிற்கும். குளிர்பானத்துக்குப் போதும். பால், சமைத்த குழம்பு, மருந்து ஆகியவற்றுக்கு உதவாது; பாலையும் குழம்பையும் 5 டிகிரிக்குள் வைப்பது நலம். நம் பருவநிலைக்கு ஏற்றதா என்பதை அறியப் பெட்டியின் பின்புறத் தகட்டில் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 43 டிகிரி வரை சூடான இடத்திலும் வேலை செய்யும்படி அமைத்தது என்பது அதன் பொருள்.

நட்சத்திரங்களையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. மின்சக்தி ஆணையத்தின் லேபிளில் இருக்கும் நட்சத்திரம் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுவது. ஐந்து இருந்தால் மிகச் சிக்கனம். ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்பதும் அதிலேயே இருக்கும். 180 என்றிருந்தால் மாதம் 15 யூனிட். பெட்டிக்குள், ஐஸ் அறையின் கதவில் இருக்கும் நட்சத்திரம் வேறு. ஒன்று என்றால் உறைநிலைக்குக் கீழே 6 டிகிரி, இரண்டு என்றால் 12, மூன்று என்றால் 18. சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒன்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று கெம்போங் மீனை வாங்கி வாரக்கணக்கில் அதற்குள் அடைத்து வைக்க முடியாது. ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்தின் முழுத் தேவைக்கும் இந்தப் பெட்டி போதாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இன்சுலின் போட்டுக் கொள்ளும் பெரியவர் இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி. திறக்காத இன்சுலினை 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட டிகிரியில் வைக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று கொடுத்தனுப்பும் மருந்து, காற்றில்லாமல் திணறும் பெட்டிக்குள் மெல்ல மெல்ல வீரியம் இழந்துவிடும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாமலேகூடப் போகலாம். பாட்டி தவறாமல் ஊசி போட்டுக் கொண்டுதான் இருப்பார். சர்க்கரை மட்டும் இறங்காது. இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. சின்னப் பெட்டியில் ஐஸ் அறையை ஒட்டி வைத்த மருந்து உறைந்து போகலாம். உறைந்த இன்சுலின் மறுபடி இளகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான். ஆகவே அதை ஐஸ் அறையிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் தள்ளி, நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஐஸ்பெட்டிக்கென்று விற்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, காலையில் பசியாறும் முன் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். பயன்பாட்டில் இருக்கும் மருந்தை எப்படி வைப்பது என்பதை மருந்து கொடுப்பவரிடமே கேட்டுக் கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.

பழைய பெட்டி வாங்குவோர் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். வழுக்கிக் கொண்டு எளிதாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஐஸ் கட்டி தட்டினால் கத்தியால் குத்தாதீர்கள்; குழாயில் ஓட்டை விழுந்தால் பெட்டியே போயிற்று. மின்சாரத்தை நிறுத்தித் தானாக உருக விடுங்கள். பிளக்கைப் பல முனை நீட்டுக் கம்பியில் சேர்க்காமல், சுவரில் உள்ள மூன்று முனைப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். ஈரத் தரையில் நின்று தொடும் பொருள் அது.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். லாரியில் சாய்ந்து, குலுங்கி வந்திருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் அப்படியே நிற்க விடுங்கள். அந்த நேரத்தில் டேப்பை எடுத்து, நாலு பக்கமும் விட்ட இடைவெளியை இன்னொரு முறை அளந்து கொள்ளலாம்.