நடத்துநர் தொடாத சக்கரம்

இன்று பட்டம் பெற்ற இளம் கடலோடிகளே!

முப்பத்தெட்டு ஆண்டுகள் கப்பலில் இருந்தேன். அதில் பாதி கேப்டனாக. காற்றையும் அலையையும் இயந்திரத்தையும் பற்றி உங்கள் ஆசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தாறு ஆங்கில வினைச்சொற்களைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

நான் தமிழ்வழியில் படித்தவன். கமாண்ட், கண்டக்ட், டைரக்ட், லீட், ஸ்டியர், கைட் என்று எதைக் கேட்டாலும் நாங்கள் எழுதிவைத்திருந்த பொருள் ஒன்றுதான்: வழிநடத்து. தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் போதவில்லை.

இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போவேன். சக்கரத்தைப் பிடிப்பவர் ஓட்டுநர். அதைத் தொடாமல் விசில் கொடுத்து நிறுத்துபவரும் கிளப்புபவரும் நடத்துநர். ஓடு, ஓட்டு, நட, நடத்து, செல், செலுத்து, இயங்கு, இயக்கு. ஒவ்வொரு இணையிலும் இரண்டாவது, ஒன்றைப் போகவைக்கும் சொல். ஆங்கில லீட் என்பதும் இதே வார்ப்புதான்; ‘போகச் செய்’ என்பதே அதன் பழம்பொருள். கண்டக்ட் லத்தீன் வழி வந்தது. கூட்டிச் செல்வது என்பது அதன் வேர். ஸ்டார்போர்ட் என்று வலப்பக்கத்தைச் சொல்கிறீர்களே, அதற்குள் ஸ்டியர் ஒளிந்திருக்கிறது. பழைய கப்பல்களில் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் கட்டப்பட்டிருந்தது.

துறைமுகத்துக்குள் நுழையும்போது இந்தச் சொற்கள் ஆளாளுக்குப் பங்கு பிரிக்கப்படுகின்றன. பைலட் ஏணியேறி வருவார். அவர் யார்? கப்பலைச் சேராதவர், ஆனால் கப்பலைக் கண்டக்ட் செய்பவர் என்று 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் வரையறுத்தது. கமாண்ட் கேப்டனிடமே இருக்கிறது. பைலட் வந்துவிட்டார் என்பதற்காக அது கைமாறுவதில்லை. சக்கரத்தைப் பிடித்து ஸ்டியர் செய்பவர் சுக்கானி. அரபியிலிருந்து நம் கரைக்கு வந்த சொல் அது. சரி, பக்கத்தில் நிற்கும் மூன்றாம் அதிகாரிக்கு என்ன மிச்சம்?

அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்த விடியற்காலையைச் சொல்கிறேன். மூன்றாம் அதிகாரியாக என் முதல் கப்பல். ஓர் ஆற்றுத் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். கேப்டன் பிரிட்ஜின் இடப்பக்க விங்கில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைலட் வயதில் மூத்தவர், மெதுவாகப் பேசுவார். ஆறு வளையும் இடம். “போர்ட் டென்” என்றார், அதாவது இடப்பக்கம் பத்து டிகிரி. “போர்ட் டென், சார்” என்று சுக்கானி பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். கை மட்டும் மறுபக்கம் திரும்பியது. தலைக்கு மேல் சுக்கான் கோணம் காட்டும் டயலில், சிவப்புப் பக்கம் போகவேண்டிய முள் பச்சைப் பக்கம் சாய்ந்தது.

நான் பார்த்தேன். அதைப் பார்ப்பதுதான் என் வேலையும்கூட. ஆனால் வாய் திறக்கவில்லை. ஆணையிட்டவர் பைலட், பொறுப்பு கேப்டனுடையது, நடுவில் நான் யார் என்ற எண்ணம். மூன்று வினாடி இருக்கும். முகப்பு தவறான பக்கம் நகரத் தொடங்கியதும் பைலட்டே கண்டுகொண்டார். “மிட்ஷிப்ஸ்! ஹார்ட் எ போர்ட்!” கரை நெருங்கி வந்து விலகிப் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கப்பலைக் கட்டியபின் பைலட்டை ஏணிவரை கொண்டுபோய் விட்டேன். “முள்ளைப் பார்த்தாயா?” என்றார். பார்த்தேன் என்றேன். “அந்தச் சுக்கானி எவ்வளவு நேரமாகச் சக்கரத்தில் நின்றிருந்தார்?” எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. “கமாண்ட் உன் கேப்டனுடையது. கண்டக்ட் என்னுடையது. ஸ்டியர் அவருடையது. கைட் உன்னுடையது, தம்பி. அதை நீ செய்யவில்லை.” இறங்கிப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு சொற்பிறப்பு அகராதியில் கைட் என்ற சொல்லைத் தேடினேன். அதன் வேர் காண்பது, அறிவது. நம் வழிகாட்டி என்ற சொல்லில் இருக்கும் காட்டு என்பதும் காண் என்பதிலிருந்து வந்ததுதானே! மற்றவற்றில் பல போகவைக்கும் சொற்கள். இது ஒன்றுதான் காணவைக்கும் சொல். அதற்குப் பதவி வேண்டியதில்லை, கண்ணும் குரலும் போதும்.

உலக வணிகச் சரக்கில், அளவில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழியே போகிறது. அதில் பெரும்பகுதி இப்படி நாலைந்து பேர் பேசிக்கொள்ளும் ஒரு சின்ன அறையை நம்பித்தான் துறைமுகம் சேர்கிறது. 2007 நவம்பர் 7 அன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், கடும் மூடுபனியில், பைலட் ஏறியிருந்த காஸ்கோ பூசன் கப்பல் பாலத்தில் மோதியது. ஏறத்தாழ 53,500 கேலன் எண்ணெய் கடலில் கொட்டியது. பைலட் உட்கொண்டிருந்த மருந்துகள் அவர் சிந்தனையை மந்தமாக்கியிருந்தன என்று விசாரணை அறிக்கையில் சொன்னார்கள். அதோடு நிற்கவில்லை. புறப்படும் முன் கேப்டனும் பைலட்டும் பயணத்தைப் பற்றி முழுமையாகப் பேசிக்கொள்ளவில்லை, பைலட்டின் வேலையைக் கேப்டன் சரிவரக் கண்காணிக்கவில்லை என்றும் எழுதினார்கள். அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் மூன்று வினாடிகள் நினைவுக்கு வரும்.

பேசும் சொற்களிலும் இதே பங்கீடு உண்டு. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற தொடர்புச் சொற்றொடர்களை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று தொடங்க, சொல்பவருக்கு முழு அதிகாரம் வேண்டும். அட்வைஸ் என்று தொடங்கினால் முடிவு கேட்பவருடையது. மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைப் படித்திருந்தால், தயவுசெய்து இன்றிரவு இன்னொருமுறை படியுங்கள்.

நான் கேப்டனான பிறகு ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பைலட் பிரிட்ஜுக்கு வந்ததும் தேநீர் கொடுப்போம், பயணத் திட்டத்தைப் பேசுவோம். பிறகு மூன்றாம் அதிகாரியை அருகில் அழைத்து நிறுத்தி, பைலட்டிடம் சொல்வேன்: “முள் தவறாகப் போனால் இவர் சத்தமாகச் சொல்வார். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.” ஒரு பைலட்கூட முகம் சுளித்ததில்லை.