பெரிய துண்டு யாருக்கு?



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் நம் கோவை வீடுகளில் முறுக்கு, அதிரசம், கேக்கோடு இப்போது சாக்லேட்டும் சேர்ந்துகொள்கிறது. ஊட்டிக் கடைகளில் வாங்கிவந்ததை இன்று நாமே செய்கிறோம். அச்சு வேண்டியதில்லை. சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்குகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டிதட்டிவிடும் என்று கவனமாயிருக்கிறோம். உருகியதைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, வறுத்த முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை, அத்திப்பழம் தூவி, இறுகியதும் கையாலேயே உடைக்கிறோம்.

சாக்லேட்டுக்கான கொக்கோ நமக்குத் தொலைவானதும் அல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை ஐந்தாறு நாள் மூடிப் புளிக்கவைத்து, இடையிடையே புரட்டி, பின் வெயிலில் உலர்த்துகிறார்கள். புளிக்கும் சூட்டில் விதையின் முளை மடிந்துபோகிறது. அப்படி மடிந்த விதையை வறுத்தால்தான் சாக்லேட்டின் மணம் வரும். மடிகின்ற கோதுமை மணியே பலன் தரும் என்ற ஆண்டவரின் சொல் நினைவுக்கு வருகிறது அல்லவா?

இனி, உடைத்த தட்டைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்காது. முந்திரி நிறைந்த பெரிய துண்டுகள் சில, சிறியவை சில, கடைசியில் கொஞ்சம் தூள். பெரியவை யாருக்குப் போகின்றன? பதிலுக்குப் பலகாரத் தட்டு அனுப்பும் சம்பந்தி வீட்டுக்கும், நமக்குக் காரியம் ஆகவேண்டிய அதிகாரி வீட்டுக்கும். பாத்திரம் துலக்க வரும் அக்காவின் பிள்ளைகளுக்கோ தூள் பொட்டலம்.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், கைம்மாறு செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் இயேசு. திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது கொடுக்கல் வாங்கல். திரும்பி வராது என்று தெரிந்தும் கொடுப்பதே அன்பு.

ஆகவே இவ்வாண்டு நாம் முதலில் கட்டும் பொட்டலம், திருப்பித் தர முடியாதவருக்காக இருக்கட்டும். ஊருக்குப் போக முடியாமல் பட்டறை அறையிலேயே விழாவைக் கழிக்கும் வடமாநிலத் தம்பிக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் பாட்டிக்கு, பெரிய துண்டு போகட்டும். சாக்லேட்டில் தொடங்குவது நம் நேரத்திலும், மரியாதையிலும், ஆலயத்தில் நாம் நகர்ந்து தரும் இடத்திலும் தொடரட்டும்.

மாட்டுக் கொட்டிலில் பிறந்த இறைமகன் நம் கைகளைத் தாராளமாக்குவாராக. ஆமென்.