வடித்த நீரும் வடியாத நஞ்சும்
(தசலட்சண விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீரை வடித்தே பருகுவது சமண இல்லறத்தாரின் வழிவழி வந்த ஒழுக்கம். வடித்துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த கிணற்றிலோ குளத்திலோ ஊறின்றி மீண்டும் விடுவதும் அவ்வொழுக்கத்தின் ஒரு கூறே.

உடலினுள்ளும் வடிகட்டிகள் இரண்டு உள. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிப்பான்கள் அமைந்துள்ளன. அவை நாள்தோறும் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் நூற்றுக்கு 99 பங்கை நுண்குழல்கள் உடலுக்கே மீட்டுத் தருகின்றன. நல்லனவற்றை மீட்கும் அந்நுண்குழல்களே உணவிலும் நீரிலும் வந்த உலோக நஞ்சையும் பற்றிக்கொள்கின்றன. காட்மியம் அத்தகையது. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

அதன் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரை. சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் கலந்து, வயலில் பாய்ந்து, நெல்லில் ஏறியது. அச்சோற்றைப் பல்லாண்டு உண்டோரின், சிறப்பாகப் பிள்ளைகள் பலரைப் பெற்ற முதிய மகளிரின், நுண்குழல்கள் பழுதுற்றன. எலும்புக்குரிய சத்துகள் சிறுநீரில் கழிந்தன. எலும்புகள் மெலிந்து, சிறு அசைவுக்கும் முறிந்தன. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்னும் பொருள்பட அவர்கள் கதறிய 'இதாய் இதாய்' என்பதே நோயின் பெயராயிற்று. 1968இல் அந்நாட்டு அரசு அதனை மாசினால் விளைந்த நோயென ஏற்றது. நஞ்சேறிய வயல்மண்ணைச் செப்பனிடும் பணியோ 2012இல்தான் நிறைவுற்றது.

இத்தகைய நஞ்சைத் துணி தடுக்காது. கரைந்த உலோகம் இழைகளைக் கடந்துவிடும். காய்ச்சுதலும் உதவாது, நீர் ஆவியாகக் குறையுந்தோறும் எஞ்சிய நீரில் நஞ்சின் அளவு மிகும்.

சமண தத்துவம் இதற்கொரு தெளிவு தருகிறது. வினை உயிரில் வந்து சேர்வது ஊற்று. அவ்வரவைத் தடுப்பது செறிப்பு. சேர்ந்ததை நீக்குவது உதிர்ப்பு. ஓட்டைப் படகில் ஓட்டையை அடைக்காது நீரை மட்டும் இறைப்பவன் கரை சேரான். உதிர்ப்பு அரிதான நஞ்சுக்குச் செறிப்பே தக்க காப்பு.

அச்செறிப்பு இல்லந்தோறும் இயல்வதே. ஆலைகளை அடுத்துள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உலோகங்கள் உளவா என ஆய்வகத்தில் சோதித்தறிதல் வேண்டும். தீர்ந்த பேட்டரிகளைக் குப்பையில் எறிவதும் எரிப்பதும் தவிர்க்கத்தக்கன. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை ஈர்ப்பதால், புகைத்தல் அந்நஞ்சை நேரே உடலில் சேர்க்கும். இரும்புச்சத்துக் குறைந்தோரின் குடல் காட்மியத்தை மிகுதியாக ஏற்கும். ஆதலின் புலால் உண்ணாக் குடும்பத்து மகளிர் கம்பும் பயறும், அவற்றோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்த்துண்பது நன்று. நுண்குழல் பழுது தொடக்கத்தில் நோவு தராது. வழக்கமான கிரியாட்டினின் சோதனையிலும் வெளிப்படாமற்போகும். ஐயமுடையோர் சிறுநீரில் புரதம் கழிகிறதா என்பதையும் மருத்துவர் வழி அறிதல் வேண்டும்.

வடித்த உயிரை எடுத்த நீரிலேயே விடச் சொன்ன அறம், அந்நீரில் நஞ்சைக் கலக்க ஒருபோதும் இசையாது. துணியால் வடிப்பதோடு விரதம் முடிவதில்லை; கிணறும் ஆறும் மாசுறாமல் காப்பதும் அவ்விரதமே.