ஒதுக்கீட்டு ஆணையில் இருந்த பெயர்

(போர்ட் பிளேர், குட்வில் எஸ்டேட்டில், எங்கெல்சின் 'குடியிருப்புப் பிரச்சினை' நூலுக்கான வாசிப்பு வகுப்பைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எஸ்டேட் என்பது மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றும் சொல். தமிழர் காதில் அது விழுந்தால் முதலில் தேயிலையும் ரப்பரும்தான் நினைவுக்கு வரும். பின்னாலேயே லயத்து வீடுகளும் கங்காணியும் வருவார்கள். இந்தத் தீவுகளில் வாழும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்திலோ, நகராட்சி கட்டித் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட்ட வீட்டுத் தொகுதிக்கும் எஸ்டேட் என்றே பெயர். முதன்முதலில் ஒரு கட்டுரையில் அதனைச் சந்தித்தபோது நான் 'தோட்டம்' என்று எழுதிவிட்டேன். லண்டன் நகரின் நடுவில் தோட்டம் எப்படி வந்தது என்று ஆசிரியர் குழுத் தோழர் கேட்டபிறகுதான் திருத்தினேன். என் தாயாரைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்: ஹவுசிங் போர்டு.

நூலுக்குள் நுழையுமுன் நீங்கள் வளர்ந்த குடியிருப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்று வகுப்பை நடத்தும் தோழர் கேட்டுக்கொண்டார். சொல்கிறேன். ஆனால் அது முழுவதும் இனிய நினைவுகளாக இராது.

வடசென்னையில், பக்கிங்காம் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில், தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடங்களில் ஒன்றில் நான் வளர்ந்தேன். 1970இல் கலைஞர் ஆட்சியில் உருவான தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு அது. ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இல்லாமல் செய்வோம் என்பது அன்றைய அறிவிப்பு. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணச் சொன்ன அண்ணாவின் வாசகம் வாரியத்தின் முழக்கமாயிற்று. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளில் பல இடங்களில், குடிசை இருந்த இடத்திலோ அதற்கு அருகிலோதான் மாடி வீடு கட்டப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையார் வேலைக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். அந்த வீட்டின் உண்மையான மதிப்பு இதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. சிமெண்ட் கூரையைத்தான் பெரிதாக நினைத்தோம்.

ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு சிறு பால்கனி. இருநூற்றுச் சொச்சம் சதுர அடிக்குள் ஆறு பேர். கோடையில் யாரும் வீட்டுக்குள் படுப்பதில்லை. மொட்டை மாடியில் பாய்கள் வரிசையாக விரியும். யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பாயில் தூங்கிற்று என்பது விடியும்போதுதான் தெரியும். கோலம் போட மண் வாசல் கிடையாது, மாடிப்படியின் திருப்பத்தில் இருந்த நான்கடிச் சிமெண்ட் தரையே எல்லா வீட்டுக்கும் வாசல். அந்த இடத்துக்காக மார்கழியில் சண்டை நடக்கும். 1983 வறட்சியில் கீழே இருந்த அடிபம்பு வெறும் காற்றை இழுத்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தின் இடத்தில் கல்லை வைத்து இடம்பிடித்துவிட்டு நாங்கள் பள்ளிக்குப் போவோம். திரும்பி வரும்வரை அந்தக் கல்லை யாரும் நகர்த்த மாட்டார்கள். வரிசையின் ஒழுங்கு அப்படி.

மாடிப்படிக்குக் கீழே ஒரு படிப்பகம் இருந்தது. ஒரு பெஞ்சு, இரண்டு நாளேடுகள், சுவரில் பகத்சிங் படம். பின்னி ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் பெரியப்பா ஒருவர் - உறவினர் அல்லர், எல்லோருக்குமே அவர் பெரியப்பா - கண் சரியாகத் தெரியாததால் என்னை உட்காரவைத்துக் கட்சி நாளேட்டைப் படிக்கச் சொல்வார். புரியாத சொல் வந்தால் நிறுத்தி, 'இதை நம்ம பேச்சுல சொல்லு' என்பார். நான் பின்னர் தமிழில் முதுகலை படித்தேன். ஆனால் மொழிபெயர்ப்புத் தொழிலை அந்தப் பெஞ்சில்தான் கற்றேன் என்று சொல்வதில் மிகையில்லை.

பள்ளியில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், நாங்கள் யாரும் குடிசை மாற்று வாரியம் என்று சொன்னதில்லை. ஹவுசிங் போர்டு என்போம். வீட்டுவசதி வாரியம் வேறு என்பதும், அது நடுத்தர வருவாயினருக்கும் மனை, வீடு தருவது என்பதும் எங்களுக்குத் தெரியும். 'குடிசை' என்ற சொல் நாக்கில் ஒட்டாமலிருக்கவே அந்தச் சிறு பொய். 2021இல் அரசே வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியது. பிள்ளைகள் நாங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மாற்றிவிட்டோம்! பெயர் மாற்றம் எளிது. உங்கள் ஊருக்கும் 2024இல் புதுப்பெயர் சூட்டினார்கள். கூரைத் தகரம் ஒன்றாவது மாறிற்றா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, இத்தனை ஆண்டுகளாக நான் மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வீடு எங்களுக்கு ஒதுக்கப்பட்டதல்ல.

ஒதுக்கீட்டு ஆணையில் இருந்த பெயர் ஒரு ரிக்‌ஷா தொழிலாளியுடையது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டபோது சைக்கிள் ரிக்‌ஷா பெற்றவர்களில் அவரும் ஒருவர். கால்வாய்க்கரைக் குடிசை தீப்பற்றியபின் அவருக்கு மூன்றாம் மாடியில் வீடும் கிடைத்தது. வண்டியும் வீடும் ஆக, ஓர் ஏழைக்கு அரசு தரக்கூடியதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் மனைவியின் பிரசவத்தில் சிக்கல் ஏற்பட்டு, கந்துவட்டிக்கு வாங்கிய கடன் ஓராண்டில் இரட்டித்தது. முதலில் வண்டி போயிற்று. பிறகு 1975இல், பத்து ரூபாய் முத்திரைத்தாளில் கைநாட்டு வைத்து, எண்ணூறு ரூபாய்க்கு வீட்டை என் தந்தையாரிடம் விட்டுவிட்டு, அந்தக் குடும்பம் மீண்டும் கால்வாய்க்கரைக்கே போய்விட்டது. சட்டப்படி அந்தத் தாள் செல்லாது, ஒதுக்கீட்டை விற்க அவருக்கு உரிமையில்லை. வாங்கிய எங்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. என் தந்தையார் நல்ல தொழிற்சங்கவாதி. அந்த எண்ணூறு ரூபாயைச் சேர்க்க என் தாயார் தம் தாலியை அடகு வைத்திருந்தார். ஒரு குடும்பம் இறங்க, நாங்கள் ஏறினோம்.

அவருடைய மகன் மாநகராட்சிப் பள்ளியில் என் வகுப்பு. ஒருமுறை வீட்டுப்பாட நோட்டு வாங்க வந்தவன், உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான். குளியலறைத் தாழ்ப்பாள் விழாமல் என் தங்கை திணறிக்கொண்டிருந்தாள். 'கொஞ்சம் தூக்கிட்டு தள்ளணும்' என்றான் அவன். தூக்கித் தள்ளியதும் விழுந்தது. என் தாயார் அவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டார். அவன் சாப்பிடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு கல்வி வகுப்புக்காக எங்கெல்சின் நூலில் ஒரு பகுதியைத் தமிழாக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. 1872, 1873ஆம் ஆண்டுகளில் லைப்ஸிக்கிலிருந்து வெளிவந்த தொழிலாளர் ஏட்டில் தொடர் கட்டுரைகளாக வந்தவை அவை. பாரிசில் ஓஸ்மான் ஏழைகளின் தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டதைக் காட்டி, முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அதை இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது, நகர்ந்த இடத்தில் அது மீண்டும் முளைக்கிறது என்கிறார் எங்கெல்ஸ். அந்தப் பத்தியில் என் பேனா நின்றுவிட்டது. ஓஸ்மான் செய்ததை எங்கள் மாடிப்படியில் வட்டிக்காரன் செய்தான், அவனுக்குப் புல்டோசர் தேவைப்படவில்லை. நிலைப்படியில் நின்ற அந்தப் பையனை அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் கதையை முடித்துவிடுகிறேன். வளர்ந்து கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினான். 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியபோது வேலை தூரமாயிற்று. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் கால்வாய்க்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டபோது வீடும் தூரமாயிற்று. நகரின் தெற்கு எல்லைக்கு வெளியே கண்ணகி நகரில் அவனுக்கு ஒரு வீடு தந்தார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியேற்றம் அது; பின்னர் வந்த செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவற்றுக்கு முன்னோடி. சந்தை நள்ளிரவில் விழிக்கும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க அவன் இரவு ஒன்பதுக்கே கிளம்பி, கோயம்பேட்டில் சாக்கின்மேல் படுத்து, வேலை தொடங்கும்போது எழுவான். வீடு இருந்தது, வீட்டில் தூங்கத்தான் இல்லை.

இது எப்படி நேர்ந்தது? 1977இல் உலக வங்கியின் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. மாடி வீடு கட்டிக் குறைந்த வாடகைக்குத் தருவது அரசுக்குக் கட்டுப்படியாகாது, மனையும் அடிப்படை வசதியும் தந்து செலவைப் பயனாளியிடமே வசூலிக்க வேண்டும் என்பது வங்கியின் வாதம். அரும்பாக்கம், வில்லிவாக்கம் மனைத்திட்டங்கள் அப்படி வந்தவை. அவற்றால் பயன்பெற்றோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் குடியிருப்பு என்ற எண்ணம் மெல்ல மறைந்து, தவணை, கிரயம், உரிமைப்பத்திரம் என்ற பேச்சு வந்தது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறியபின், ஏழைக்கு நிலம் என்றாலே அது நகருக்கு வெளியே என்று ஆயிற்று.

வியன்னாவில் வேறுவிதமாகச் செய்தார்கள். 1923க்கும் 1934க்கும் இடையில், செல்வர்கள்மீது கூடுதலாக விழும் வீட்டுவரி விதித்து, நகராட்சி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது. அவற்றில் ஒன்றான கார்ல் மார்க்ஸ் மாளிகை ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம். 1934 பிப்ரவரியில் டோல்ஃபுஸ் அரசு அதன்மீது பீரங்கியால் சுட்டது. வீடுகள் இன்றும் நகராட்சியிடமே உள்ளன. பிரிட்டனிலோ தாட்சர் ஆட்சி 1980இல் சட்டமியற்றி, குடியிருந்தோருக்கே தள்ளுபடியில் விற்றது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். அவ்வாறு விற்கப்பட்டவற்றில் கணிசமானவை இன்று தனியாரின் வாடகை வீடுகள். எண்ணூறு ரூபாய் முத்திரைத்தாள் அங்கே வேறு மொழியில் எழுதப்பட்டது, அவ்வளவே.

இங்கே நூலோடு எனக்கொரு சச்சரவு உண்டு. புரூதோனியரான மூல்பெர்கர், வாடகை கட்டும் தொழிலாளியை வீட்டுக்குச் சொந்தக்காரனாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்றார். எங்கெல்ஸ் கடுமையாக மறுத்தார்: சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடும், வாடகை மிச்சமாகும் அளவுக்கு முதலாளி கூலியைக் குறைப்பான் என்றார். தர்க்கம் சரியே. ஆனால் இடம்பெயரும் சுதந்திரம் வேண்டும் என்று கால்வாய்க்கரைப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அவள் கேட்பது இடம்பெயராமல் இருக்கும் உரிமையை. பட்டா என்பது அவளுக்குச் சொத்தல்ல, நாளைக் காலை பூட்டை உடைக்க வருபவனிடம் காட்ட ஒரு தாள். இந்தத் தீவுகளிலும் காட்டுநிலத்தில் குடியேறியவர்களை 1978க்கு முன்பா, பின்பா என்று பிரித்த கோடு எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது! சுனாமிக்குப் பின் தகரக் கொட்டகைகளில் வளர்ந்த பிள்ளைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது அவர்களை முதலில் பேச விடுங்கள்.

இப்போது எங்கள் கட்டடத்துக்கு ஐம்பது வயது. கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இதுபோன்ற பழைய குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. முன்கூட்டியே விரிசலைக் கண்டு மக்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதன்பின் பல இடங்களில் இடித்துக் கட்டும் பேச்சு. எங்கள் குடியிருப்பிலும் கணக்கெடுப்பு நடந்தது. குடியிருப்பவர் யார், ஒதுக்கீடு பெற்றவர் யார் என்று இரண்டு கட்டங்கள் கொண்ட படிவம். எண்பது வயதான என் தாயார் அந்தச் சாயம்போன முத்திரைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

அந்தத் தோழனைக் கண்ணகி நகரில் போய்ப் பார்த்தேன். தந்தை இறந்து நெடுநாளாயிற்று. ஒதுக்கீட்டு ஆணையை அவன் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறான். ஐம்பது ஆண்டுகளில் வீடு மூன்று முறை மாறியும் அந்தத் தாளைத் தொலைக்கவில்லை. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். 'அப்பா பேரு அச்சுல இருக்கற ஒரே காகிதம் இதுதான்' என்றான். உரிமை கோரப்போகிறாயா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவனும் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கோரிக்கை மனு தயாரிக்கிறது. இப்போது குடியிருக்கும் அனைவருக்கும் அதே இடத்தில் வீடு, கட்டி முடியும்வரை வாடகைப் படி, பயனாளி பங்குத்தொகை கூடாது - இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. கடனால் வீட்டை இழந்து வெளியேறிய பழைய ஒதுக்கீட்டாளர் குடும்பங்களுக்கும் நகருக்குள் வீடு கேட்க வேண்டும் என்று நான்காவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அரசு அதையே சாக்காக வைத்து நம் பெயரையும் அடித்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அது வீண் அச்சமும் அல்ல. மிகக் கடுமையாக எதிர்த்தவர் என் தாயார். அந்த வரி இன்னும் மனுவில் ஏறவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டம் நான் சென்னை திரும்பிய மறுநாள்.