துரை தலையாட்டினார், நாங்கள் எழுதி வைக்கவில்லை

(தோட்டத் தலைவர்கள், கமிட்டிச் செயலாளர்கள், மாதர் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதில் சொல்ல என்ன இருக்கிறது, மாதம் ஒரு கூட்டம் வைக்கிறோமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். அதனால் எனக்கு நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் எங்கள் தோட்டத்தில் கமிட்டிச் செயலாளர். மழைக்காலம். கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு என்று வழக்கமாக இரண்டு கிலோ கழிப்பார்கள். அந்த வருஷம் அதை நாலாக்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஒரு பெண்ணுக்குக் கூடுதலாக ஆறு கிலோ போகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, அரைப்பேரோடு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

அவசரமாகக் கமிட்டியைக் கூட்டினோம். அந்தி ஆறு மணிக்குக் கோயில் மண்டபத்தில் ஆண்கள் இருபது பேர் வந்தோம். கொழுந்தெடுக்கிற பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழிவு பற்றிப் பேசினோம். பிறகு திருவிழாக் கணக்கு வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர்ப் பீலி, பிறகு பழைய சண்டை ஒன்று. எட்டரைக்கு எழும்பியபோது, "நாளைக்குத் துரையைப் பார்ப்போம்" என்பது மட்டும்தான் முடிவு.

மறுநாள் போனோம். துரை நல்லமாதிரிப் பேசினார். தேத்தண்ணிகூடக் கொடுத்தார். "சரி, பழையபடி இரண்டு கிலோதான் கழிப்போம்" என்றார். நாங்கள் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தோம். கழிவும் குறைந்தது. ஆறு வாரத்தில் அவருக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் முதல் கிழமையே நாலு கிலோவுக்குப் போய்விட்டார். நாங்கள் போய்க் கேட்டோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எழுத்தில் இருக்கிறதா?"

இல்லை. கொப்பி கொண்டு போகாதவன் நான்தான்.

ஒரு கூட்டத்துக்காக நமக்கு முந்தியவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று சொல்வார்கள். 1931இல் அவர் அட்டனில் சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினார். அவர்கள் ஒளிந்து மறைந்து நடத்திய கூட்டத்தை நாங்கள் கோயில் மண்டபத்தில் லைட்டுப் போட்டு நடத்தியும் வெறுங்கையோடு எழும்பி வந்திருக்கிறோம்.

சரி, என்ன பிழை விட்டோம்? முதல் பிழை நேரம். அந்தி ஆறு மணி ஆண்களுக்குத் தோதான நேரம். மலையிலிருந்து வந்து, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கி, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டுகிற பெண்ணுக்கு அது எப்படி நேரமாகும்? நிறுவையில் களவு போவது அவளுடைய கொழுந்து. அவள் இல்லாமல் கொழுந்துக் கூட்டம் நடத்தினோம். அடுத்த கூட்டத்தைப் பகல் சாப்பாட்டு நேரத்தில், கொழுந்து மடுவத்துப் பக்கத்திலேயே வைத்தோம். இருபத்தைந்து நிமிஷம்தான். எழுபதுக்கு மேல் வந்தார்கள். நீளமாகப் பேச வேண்டிய விஷயம் இருந்தால் போயா நாள் பரவாயில்லை. சம்பள நாளில் மட்டும் வைக்காதீர்கள். அன்றைக்கு யாருடைய மனசும் கூட்டத்தில் இருக்காது. சில பேருடைய காலும் இருக்காது. தள்ளாடி வருகிறவரோடு கூட்டத்தில் வாதாட வேண்டாம், நல்ல வார்த்தை சொல்லி ஒரு தம்பியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது, ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு. அதை முதல் நாளே பிரட்டுக்களத்தில் சொல்லிவிடுங்கள். திருவிழாக் கணக்கு யாராவது எடுத்தால், "அண்ணே, அதற்கு வேறு நாள்" என்று தலைவர் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் வந்த விஷயம் போய்விடும்.

பெண்கள் வந்தாலும் பேச மாட்டார்கள் என்று தலைவர்மார் என்னிடம் குறை சொல்வார்கள். நாம் கேட்கிற கேள்வி அப்படி. கடைசியில் எழும்பும்போது "யாராவது ஏதும் பேச இருக்கா?" என்று கேட்டால் யார் பேசுவார்கள்? புருஷன், மாமனார், கங்காணி எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படிக் கேட்காமல், "அக்கா, நேற்று உங்களுக்கு மூன்று நிறுவையிலும் எவ்வளவு கழித்தார்கள்?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். மடுவத்துக் கூட்டத்தில் நான் அப்படிக் கேட்டேன். ஓர் அக்கா, "பொறுங்க" என்று சொல்லி, மகளுடைய பழைய கணக்குக் கொப்பியை எடுத்து வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு நாளும் மலையால் வந்ததும் மகளிடம் சொல்லி, நிறுத்தது எவ்வளவு, போட்டது எவ்வளவு என்று எழுத வைத்திருக்கிறார். செயலாளரான என்னிடம் ஒரு வரி இல்லை.

அந்தக் கொப்பியோடு மாவட்டக் காரியாலயத்துக்குப் போனோம். அங்கிருந்து தொழில் திணைக்களத்துக்கு. கழிவு திரும்பவும் இரண்டு கிலோவானது, இம்முறை எழுத்தில். ஆனால் இடையில் போன அரைப்பேர்களுக்குக் காசு கிடைக்கவில்லை. அந்தக் கொப்பி ஒருவருடைய கணக்குத்தான். மற்றவர்கள் இழந்ததற்கு அத்தாட்சி இல்லை.

ஆகவே எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கமிட்டிக்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, இடம், வந்தவர் பெயர், எடுத்த முடிவு, அதை யார் செய்வது, எந்தத் திகதிக்குள். "கமிட்டி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதாதீர்கள். கமிட்டி என்று ஓர் ஆள் இல்லை. பெயர் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் சாதாரண தரம் படித்த பிள்ளை ஒன்று எந்த லயத்திலும் இருக்கும். கலைவதற்கு முன் எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் காதால் கேட்டு, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று திருத்தட்டும். பிறகுதான் கையெழுத்து.

துரையைச் சந்திக்கப் போகும்போது மூன்று பேராவது போங்கள், ஒருவர் கொழுந்தெடுக்கிற பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும். வந்த அன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள்: "இன்று நடந்த பேச்சில் தாங்கள் ஒத்துக்கொண்டவை இவை." இரண்டு பிரதி. ஒன்றில் காரியாலயத்தில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். மாவட்டக் காரியாலயத்துக்கும் ஒரு பிரதி. நாளைக்குத் துரை மாறுவார், தலைவரும் மாறுவார். திகதி போட்ட கடிதம் மாறாது.

இன்னொன்று, இது சிலருக்குப் பிடிக்காது. நிறுவைக் கழிவு எல்லாச் சங்கத்தாருக்கும் ஒன்றுதான். அந்த மாதிரி விஷயத்துக்கு மற்றச் சங்கத் தலைவர்களையும் கூப்பிடுங்கள். சந்தாக் கதை அன்றைக்கு வேண்டாம்.

நான் பேசியது போதும். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், ஒரு கூட்டம் நடத்திப் பார்ப்போம். விஷயம், மழை நாள் கழிவு. நேரம், இருபத்தைந்து நிமிஷம். தலைவராக ஒரு தங்கச்சி இருக்கட்டும். துரையாக நான் இருக்கிறேன், எனக்கு அவர்கள் தலையாட்டுகிற விதம் நன்றாகத் தெரியும். கொப்பி யார் கொண்டு வந்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்.